கொசுறுக் குடம்

என் மகளைக் கடையிலிருந்து நீக்கிய அன்று பால் திரியவில்லை, நாய் ஊளையிடவில்லை, நான் வேலைக்குப் போகும் தீப்பெட்டி ஆபீஸ் வேன் எப்போதும் போல ஆறேகால் மணிக்குத் தெருமுனையில் வந்து நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்தது, நானும் எப்போதும் போலச் சீப்பைத் தலையிலேயே சொருகிக்கொண்டு ஓடிப்போய் ஏறினேன். சாயந்தரம் திரும்பி வந்து பார்த்தால் முப்பிடாதி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு நேர் எதிரே கூரியர்காரர் ஒருத்தர் நின்றுகொண்டு, அவள் தலைக்கு மேலாக வீட்டுக்குள் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"வீட்ல யாருமே இல்லையா? முப்பிடாதிங்கிற பேருக்கு ஒரு பார்சல்!"

"அண்ணே, நாந்தாண்ணே முப்பிடாதி," என்றாள் அவள். அது மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, குரல் உடைந்திருந்தது.

அவர் என்னைப் பார்த்ததும் நிம்மதியாகிப் பார்சலை என் கையில் திணித்தார். "எவ்வளவு நேரமாக் கூப்பிடுதேன்க்கா, கதவைத் திறந்துபோட்டுட்டு எங்க போனீங்க?" என்று சடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். அவர் ஊருக்குப் புதுசு. எதிர்வீட்டுச் சீனியம்மாள் குடத்தோடு வந்தவள் முப்பிடாதியைப் பார்த்து, "ஏட்டி முப்பி, என்ன மூஞ்சி இப்படித் தொங்குது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு என் மகள் தெரிந்தாள், எனக்குத் தெரிந்தாள், தெருவில் எல்லாருக்கும் தெரிந்தாள். அவளை முன்பே அறிந்தவர்களுக்கு அவள் இருந்தாள், இனிமேல் அறியவேண்டியவர்களுக்கு அவள் இல்லை. அதைத்தான் அன்று காலையில் அவளுக்கு வந்த கடிதமும் சொல்லியிருந்தது, போனில் விளையாடுவதற்கென்று அவள் செய்த ஆட்டத்தைப் பற்றி: ஏற்கெனவே போனில் வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம், புதிதாக யாருக்கும் கிடைக்காது.

போனுக்குள்ளே ஒரு கடை இருக்கிறது. எனக்கு விளங்கினமட்டில் சொல்கிறேன். யார் எந்த ஆட்டத்தைச் செய்தாலும் அந்தக் கடையில் கொண்டுபோய் வைத்தால்தான் அடுத்தவர் போனுக்குப் போய்ச் சேரும், வைப்பதற்கு முன்னால் கடை அதைத் தட்டிப் பார்க்கும், விற்கிறதில் ஒரு பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும், பிடிக்காவிட்டால் ஒரு நாளில் தூக்கி வெளியே போடும், கடைக்காரர் முகத்தை இதுவரை யாரும் கண்டதில்லை. பக்கத்தில் இன்னொரு கடை வைத்துக்கொள்ளலாம் என்றால் தெருவே கடைக்காரருடையது.

முப்பிடாதி செய்த ஆட்டத்துக்குப் பேர் 'வேன் வருது'. காலையில் ஒரு அம்மா எழுந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பில் வைத்து, தூக்குச்சட்டியில் சோறு கட்டி, தலை சீவி முடிப்பதற்குள் வேன் ஹாரன் அடித்துவிடும், அதற்குள் முடித்து ஓட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அந்த அம்மா நான். சீப்பைத் தலையில் சொருகிக்கொண்டு ஓடும்போது சேலைக் கொசுவம் அவிழ்வதைக்கூட அந்தப் பாவி வரைந்திருந்தாள். தெரு எங்கள் தெருவேதான், சீனியம்மாள் வீட்டு வாசலில் படுத்திருக்கும் ஒற்றைக்கண் பூனை வரைக்கும் இருந்தது, எங்கள் வீட்டுச் சுவரில் நீலப் பெயிண்டில் எழுதியிருக்கும் 'இட்லி மாவு கிடைக்கும்' என்ற எழுத்தும் அதன் கீழே என் போன் நம்பரும் அப்படியே இருந்தன.

அதனால்தான் எனக்குப் போன் வரத் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து, பெங்களூரிலிருந்து, துபாயில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளிடமிருந்தெல்லாம். "ஆன்ட்டி, நிஜமாவே நீங்கதான் ஓடுறீங்களா?" என்று ஒரு பிள்ளை கேட்கும். "ஆட்டம் பாதியிலே நின்னுபோச்சு" என்று இன்னொன்று அழும். நின்றுபோனவர்களுக்குக் கொடுப்பதற்கென்று முப்பிடாதி ஒரு நோட்டில் முப்பது எண்கள் எழுதிக் கொடுத்திருந்தாள், அதில் ஒன்றை ஆட்டத்துக்குள் போட்டால் ஒரு பித்தளைக் குடம் வரும், பித்தளைக் குடத்தில் தண்ணீர் சீக்கிரம் நிறையும். அந்தக் குடத்தைக் கடையில் காசு கொடுத்தும் வாங்கலாம்.

மாவு வாங்க வருகிறவர்களுக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொடுக்காமல் நான் அனுப்பியதே கிடையாது. வாங்கினவர் கை நீட்டிக்கொண்டு நிற்கையில் கொசுறு போடாமல் எப்படி அனுப்புவது? ஆட்டம் நின்றவர்களுக்குக் கொடுத்தேன், நிற்காதவர்களுக்கும் கொடுத்தேன், சும்மா என் குரலைக் கேட்கக் கூப்பிட்ட பிள்ளைகளுக்கும் கொசுறாகக் கொடுத்தேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா, "சும்மா வாங்கிக்க மனசு வரலைங்க" என்று என் நம்பருக்கு இருபது ரூபாய் போட்டுவிட்டாள். நான் திருப்பி அனுப்பத் தெரியாமல் விட்டுவிட்டேன். அவள் இன்னும் ஐந்து பேருக்குச் சொன்னாள், அவர்களும் போட்டார்கள், நான் அவர்களுக்கும் குடம் கொடுத்தேன்.

கடிதத்தில் ஒரே ஒரு காரணம் இருந்தது. கடைக்கு வெளியே விற்றது.

முப்பிடாதி அதை வாசித்துக் காட்டினபோது நான் தூக்குச்சட்டியைக் கழுவ எழுந்துபோனேன். "யாரும்மா வித்திருப்பா?" என்று அவள் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தெரு இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் வந்து வந்து பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். புதுசாய் ஆட்கள் வந்தால் "பாத்து உக்காருங்க, அந்த நாற்காலியில் முப்பி இருக்கா" என்று தண்ணீர் கொடுப்பது போலச் சொல்லிக் கொடுத்தார்கள். பழைய கண்டக்டர் வரும் பஸ்ஸில் அவள் டிக்கெட் எடுத்துப் போனாள், புதுக் கண்டக்டர் பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்பாரில்லாமல் போனாள், "பேசாம நீ ஊரெல்லாம் சுத்திப் பாத்துட்டு வாட்டி, செலவே இல்ல" என்று சீனியம்மாள் கேலி பண்ணினாள், முப்பிடாதியும் சிரித்தாள், ஆனால் அன்று சோறு சாப்பிடவில்லை. கடிதம் வந்த அன்று காலை குக்கர் ஆவி பட்டு அவள் விரலில் ஒரு கொப்புளம் வந்திருந்தது. அது அமுங்கவும் இல்லை, உடையவும் இல்லை, உரியவும் இல்லை. மாதங்கள் போயும் அன்றைக்குப் பட்ட மாதிரியே நீர்கோத்து நின்றது.

கடைக்கு அவள் பதினோரு கடிதம் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் அதே நிமிஷத்தில் அதே பதில் வந்தது, முடிவு இறுதியானது என்று. "படிச்சுக்கூடப் பாக்கலம்மா," என்றாள். "படிக்க ஒரு ஆளு இருந்தாத்தானே?"

அடுத்த தெரு ஜெசிந்தா அவளோடு படித்தவள். பாவப்பட்டு, தன் பேரில் ஆட்டத்தை வைத்துக்கொள்ளச் சொன்னாள். நான்கு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் ஜெசிந்தாவுக்கும் கடிதம் வந்தது, தொடர்புடையவர் என்று. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க நாகலாபுரத்திலிருந்து வந்தவர்கள், கேக்கும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு, காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் இருந்து, "பொண்ணக் கொஞ்சம் வரச்சொல்லுங்க" என்றார்கள். அவள் அவர்கள் முன்னால் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதன்பிறகுதான் பயம் வந்தது. அதுவரை அது என் வீட்டுக் கஷ்டம், அன்றிலிருந்து அது தெருவின் பயம். முதலில் டெய்லர், இதுவும் கடைக்கு வெளியே விற்பதாகிவிடுமோ என்று, தன் சுவரில் இருந்த போன் நம்பரைச் சுண்ணாம்பால் அழித்தார். அடுத்து தண்ணீர் கேன் விற்கிறவர், டியூஷன் எடுக்கிற டீச்சர், ஒவ்வொருவராக, யாரும் யாரிடமும் சொல்லாமல். ஒரு மாதத்தில் தெருவில் எல்லாச் சுவர்களும் வெள்ளையாகிவிட்டன, எங்கள் வீட்டுச் சுவரைச் சீனியம்மாள் அவள் கையாலேயே அடித்துவிட்டாள். "கோவிச்சுக்காத மதினி, என் வீட்டுக்கு நேரா இருக்கு," என்றாள். ஊரில் ஆட்டம் செய்கிற வேறு மூன்று நான்கு பேர் இருந்தார்கள், அவர்களும் அவர்கள் ஆட்டங்களில் சுவர்களை வெள்ளையாக்கினார்கள், சந்தேகத்துக்கு இடமாக இருக்குமென்று ஜன்னல்களையும் எடுத்தார்கள். இப்போது எங்கள் ஊர் ஆட்டங்களைப் பார்த்தால் எது யாருடையது என்று தெரியாது, எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே காசு பொறுக்கிக்கொண்டு ஓடுகிறார். கடைசியாகக் கொசுறு நின்றது. கறிவேப்பிலை கேட்டால் மளிகைக்கடையில் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். நானும் நிறுத்திவிட்டேன். மாவை மட்டும் அளந்து ஊற்றிவிட்டு, நீட்டின கையைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவேன். போன் வந்தால் எடுப்பதில்லை.

ஒரு வழி இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது ஜெசிந்தாதான். கடையில் இல்லாத ஆட்டத்தை ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குக் கைமாற்றலாம், ஆனால் வாங்குகிற போன் பயமுறுத்தும்: இது தெரியாத இடத்திலிருந்து வருகிறது, உங்களுக்குத் தீங்கு வரலாம், தொடரவா? அதே போல முப்பிடாதியையும் கைமாற்றலாமென்று ஜெசிந்தா சொல்ல, சீனியம்மாள் வீட்டுக்குப் புதுசாய் வந்த மருமகள் தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்து நான் என் மகளின் கைமேல் வைத்தேன். தங்கபுஷ்பத்துக்குப் பல் கிட்டிக்கொண்டது. "காதுக்குள்ள யாரோ வேண்டாம் வேண்டாம்ங்காக அத்தை, வீட்டுக்காரரு செத்துருவாருங்காக," என்று கையை உருவிக்கொண்டு ஓடினாள். சீனியம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "பிள்ளத்தாச்சிப் பொண்ணு மதினி அவ. இனிமே இப்படிச் செஞ்சீங்கன்னா நல்லாருக்காது," என்று சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை. நானே முப்பிடாதியிடம், "இனி யார் கையையும் தொடாத," என்று சொன்னேன்.

மளிகைக்கடை இசக்கிமுத்து அண்ணாச்சிக்குக் கண்புரை. முகாமுக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். இரண்டு கண்ணும் முடிந்து கண்ணாடியைக் கழற்றின அன்று முப்பிடாதி கடைக்குப் போய் உளுந்து கேட்டாள். அண்ணாச்சி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு காசை வைத்துவிட்டு வந்தாள். பிறகு நான் போனபோது அவர் காசைக் காட்டி, "உம்மகளா வந்தா? நல்ல பிள்ளையாச்சே, முன்னாடி நல்லாப் பேசுமே," என்று செத்துப்போனவளைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

"போனை மாத்தினா ஆட்டம் போயிரும்மா," என்றாள் முப்பிடாதி. "அவருக்குக் கண்ணுக்குள்ள புது லென்ஸ் வச்சிருக்காங்க."

அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. ஏனென்றால் எனக்குச் சர்க்கரை வந்து எட்டு வருஷம், இரண்டு கண்ணிலும் புரை, தீப்பெட்டிக் கட்டுகளில் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க முடியாமல் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். தள்ளித் தள்ளிப் போட்டதில் என் மகளின் முகம் ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. டாக்டரம்மா, "இனியும் விட்டா பார்வை போயிடும்மா. ஒவ்வொரு கண்ணாச் செய்யலாம், முதல்ல வலது," என்று சொன்னார். நான் வரமாட்டேன் என்றேன். பயப்படாதீங்க, வலிக்காது என்றார். அவருக்கு என்ன தெரியும், என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்திருந்தவளையே அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முப்பிடாதி சண்டை பிடித்தாள்.

"செய்யாட்டி என்ன ஆகும்? குருடாயிருவ. அப்பவும் நான் தெரியமாட்டேன். அதுக்கு உலகமாவது தெரியட்டுமே."

"எனக்கு உலகம் வேண்டாம்ட்டி."

"ஏம்மா இப்படிப் படுத்துத?"

"நாந்தாம்ட்டி குடத்த வித்தேன்," என்றேன். அது வாயிலிருந்து தானாக விழுந்தது. "கோயம்புத்தூர்க்காரி இருபது ரூவா போட்டா. அப்புறம் அஞ்சு பேரு. நான் கொசுறாக் கொடுத்தேன்னு நினைச்சேன். என்னாலதான் உன்னத் தூக்கிட்டாக."

எனக்கு அவள் முகம் சரியாகத் தெரியவில்லை, அழுகிறாளா என்றும் தெரியவில்லை, கண் இப்படிப் போன பிறகு அதுதான் பெரிய பயம்.

"தெரியும்மா," என்றாள். "எந்த எண்ண எப்பப் போட்டாங்கன்னு எனக்குத் தகவல் வந்துருமே. கடிதம் வந்த அன்னைக்கே நோட்ட எடுத்துப் பாத்தேன். கொடுத்ததுக்கெல்லாம் எதிரே நீ ஊர்ப் பேரு எழுதி வச்சிருந்த. கோயம்புத்தூர் பக்கத்துல 'நல்ல பொம்பளை'ன்னு எழுதியிருந்த."

"பின்ன ஏம்ட்டி சொல்லல?"

"சொன்னா நீ போன் எடுக்கறத நிறுத்திருவியேன்னு. சொல்லாமலே நிறுத்திட்ட."

நான் வலது கண்ணுக்குச் சம்மதித்தேன்.

கட்டைப் பிரித்தபோது உலகம் கழுவி வைத்தது போல இருந்தது. சுவரில் காலண்டர், காலண்டரில் தேதி, நர்ஸம்மாவின் தலையில் ஒரு ஹேர்பின், எல்லாம் ஊசி முனை மாதிரித் தெரிந்தன. பக்கத்து ஸ்டூலில் என் பை மட்டும் இருந்தது. வலது கண்ணை மூடி இடது கண்ணைத் திறந்தேன், பனிக்குள்ளே ஒரு உருவம் குனிந்து, "தெரியுதாம்மா?" என்று கேட்டது. "தெரியுது தாயி," என்றேன். எந்தக் கண்ணால் என்று சொல்லவில்லை. காதும் அப்படியே ஆகிவிட்டது, இடது கண்ணை மூடினால் அவள் குரலும் நின்றுவிடும்.

அப்படி ஐந்து வாரம் இருந்தேன். வேலைக்கு வலது கண், வீட்டுக்கு இடது கண். இடது கண்ணில் பனி நாளுக்கு நாள் கட்டியாகிக்கொண்டே வந்தது. ஒரு வாரம் அவள் சேலை நிறம் தெரியாமல் போனது, அடுத்த வாரம் அவள் நிற்கிறாளா உட்கார்ந்திருக்கிறாளா என்பது போனது, கடைசியில் ஜன்னல் பக்கம் ஒரு நிழல், அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமை இடது கண்ணுக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

முந்தின சனிக்கிழமை காலை, அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்க, எனக்கு ஒன்று தோன்றியது. அவளை வைத்திருக்கிற கண்ணும் நான்தான், வைத்திராத கண்ணும் நான்தான். வேறொருவர் கை எதற்கு?

"இங்க வா முப்பி. கையக் கொடு."

"வேண்டாம்மா. ஜெசிந்தாவ நினைச்சுப் பாரு."

"கொடுட்டி."

இடது கண்ணைத் திறந்து நிழலின் கையைப் பிடித்தேன். கொப்புளம் என் உள்ளங்கையில் உறுத்தியது. பிறகு இடது கண்ணை மூடி வலது கண்ணைத் திறந்தேன். சமையற்கட்டு காலியாக, பளிச்சென்று இருந்தது, என் கை எதையோ பிடித்தமாதிரி அந்தரத்தில் இருந்தது, அப்போது அது வந்தது. தங்கபுஷ்பம் சொன்னது சரிதான், காதுக்குள்தான் வருகிறது. ஆனால் அது ஆண் குரலுமில்லை பெண் குரலுமில்லை, மிரட்டவுமில்லை, ஆஸ்பத்திரி டோக்கன் கூப்பிடுகிற மாதிரி நிதானமாகச் சொன்னது: இது தெரியாத இடத்திலிருந்து வருகிறது. உன் வேலை போகும். உன்னைத் தெரு மறக்கும். நீ கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. விழுந்து கிடந்தால் தாண்டிப் போவார்கள். தொடரவா? எனக்குச் சேலைக்குள் மூத்திரம் பிரிந்துவிட்டது, ஐம்பது வயதில், சொல்ல வெட்கமாக இருக்கிறது. ம் என்றேன். தொடரவா? ம். இன்னொரு தடவை கேட்டது, இன்னும் மெதுவாக. கை தானாக விடப் பார்த்தது, நான் மற்றக் கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ம்.

முதலில் விரல்கள் வந்தன, அப்புறம் வளையல், அப்புறம் முகம். இரண்டு வருஷமாகப் பனிக்குள் பார்த்த முகம், ஊசி முனை மாதிரி. நெற்றியோரம் ஒரு நரைமுடி. கீழுதட்டில் பல் பட்ட தடம், அழுகையை அடக்கி அடக்கி வந்தது. இவ்வளவு மெலிந்திருக்கிறாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே. கொப்புளத்தைத் திருப்பிப் பார்த்தேன். அது அமுங்கியிருந்தது, ஓரத்தில் தோல் உரியத் தொடங்கியிருந்தது.

தெருமுனையில் ஹாரன் இரண்டு தடவை அடித்தது. சேலையை மாற்றிச் சுற்றிக்கொண்டு, சீப்பைத் தலையில் சொருகிக்கொண்டு ஓடினேன். வேனுக்கு அன்று புது டிரைவர். தெருமுனை வீட்டு வெள்ளைச் சுவர் ஓரமாக வண்டியை நிறுத்திக்கொண்டு, நான் நிற்கிற இடத்தை நேராகப் பார்த்து மறுபடி ஹாரன் அடித்தார்.

"இன்னும் ஒரு ஆளு வரணும்னு போட்டிருக்கு. எங்கக்கா அவங்க?"

"இந்தா நிக்காள்ல, வேலுத்தாயி," என்றாள் ஜன்னலோரம் இருந்த சீனியம்மாள்.

"யாருக்கா? அங்க சுவருதான் இருக்கு."

சீனியம்மாள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் நன்றாகத் தெரிந்தேன், என் தலையில் இருந்த சீப்பு தெரிந்தது, முப்பது வருஷம் ஒரே வேனில் போனவர்கள் நாங்கள். அவள் கண்ணில் அந்தக் குரல் ஓடுவதைப் பார்த்தேன். பிறகு அவள் மடியில் இருந்த தூக்குச்சட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணுமில்லப்பா," என்றாள். "நீ எடு."

வேன் போய்விட்டது. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, நானும் கறிவேப்பிலை கொடுக்காமல் உள்ளே போனவள்தானே. வீட்டுக்குள் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பிடாதி தண்ணீர் கொண்டுவந்தாள். அப்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். நின்றது, மறுபடி அடித்தது. எங்கோ ஒரு பழைய போனில் எங்கள் தெரு இன்னும் நீல எழுத்தோடு இருக்கிறது, அங்கே நான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

எடுத்தேன்.

"ஆன்ட்டி, எங்க போனீங்க? எத்தனை தடவை அடிச்சேன்!" ஒரு பிள்ளையின் குரல். "என் ஆட்டம் நின்னுபோச்சு. குடம் கிடைக்குமா?"

முப்பிடாதி அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து என் மடியில் விரித்துவைத்தாள். அந்த எண்கள் ஆட்டத்துக்குள்ளேயே இருப்பவை, கடையின் கை அதுவரை எட்டாது என்றாள். எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன, ஊர்ப் பேர் எழுதாத ஒரு எண்மேல் விரலை வைத்துக்கொண்டேன்.

"எந்த ஊரு தாயி?" என்று கேட்டேன்.

"ஈரோடு ஆன்ட்டி."

"பென்சில் எடுத்துக்கோ. ஒண்ணு உனக்கு," என்றேன். "கொசுறா இன்னொண்ணும் சொல்லுதேன், எழுதிக்கோ."